சுடலைமணி அண்ணாச்சி இடித்துத் தள்ளிய நீல சைக்கிள்

செய்தி வந்தபோது நான் என் குட்டியானை வண்டியில் கடலைமிட்டாய்ப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். சுடலைமணி அண்ணாச்சியின் பட்டறைக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிறவர் போனில் கூப்பிட்டார். "அண்ணே, சுடலைமணி அண்ணாச்சியை பைபாஸ்ல காரு அடிச்சிட்டு" என்றார். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். "ஆஸ்பத்திரிக்கு வேலை இல்லண்ணே. அங்கனயே முடிஞ்சிட்டு."

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் மேல் யாரோ வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள். கார் பின்னாலிருந்து அடித்திருக்கிறது. ஆளை நடுத்திட்டுக்கு அந்தப் பக்கம் தூக்கி எறிந்திருக்கிறது. ஒரு செருப்பு இந்தப் பக்க ரோட்டில் கிடந்தது, இன்னொன்றைக் கடைசிவரை காணவில்லை. அவருடைய சைக்கிளின் பின்சக்கரம் அப்பளத்தை மடித்த மாதிரி மடிந்திருந்தது. தார் ரோட்டில் கம்பி இழுத்த கோடு நீளமாக, வெள்ளையாகத் தெரிந்தது. நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேட்டிக்குக் கீழே பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. தைரியம் எனக்கு எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். இந்தத் தடவை நாலு வருடம் தாமதம்.

நம் ஞாயிறு சைக்கிள் குழுவின் ஆண்டு மலரில் அவருக்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம் என்று முடிவானதும், தீப்பெட்டி ஆபீஸ் ஜெயபால் அண்ணாச்சி என்னைத்தான் எழுதச் சொன்னார். "நீங்க எழுதுங்க தம்பி. உங்க பிள்ளையை இடிச்சுத் தள்ளின ஆளு. நீங்களே நல்லதா நாலு வார்த்தை எழுதினா பெருந்தன்மையா இருக்கும்" என்றார். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதியவன் நான். பிளஸ் டூ என்னை ஒரே தடவையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு பில் புத்தகம் தவிர எதையும் எழுதியதில்லை. இருந்தாலும் ஒத்துக்கொண்டேன். காரணம் பெருந்தன்மை இல்லை.

நாலு வருடமாக நீங்கள் எல்லோரும் சுடலைமணி அண்ணாச்சியை, ஒரு பெண்பிள்ளையை வேண்டுமென்றே சைக்கிளோடு இடித்துத் தள்ளிய முரடராக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி நினைத்துத்தான் குழுவை விட்டு நீக்கினீர்கள். இடித்தது உண்மை, வேண்டுமென்று இடித்ததும் உண்மை. ஏன் இடித்தார் என்று தெரிந்த ஆட்கள் குழுவில் இரண்டு பேர் இருந்தோம். அவர் சொல்ல மாட்டேன் என்று இருந்துவிட்டார். நான் சொல்லாமல் இருந்துவிட்டேன். இந்தப் பக்கத்தில் அதைச் சொல்லாவிட்டால் அவர் பெயர் அப்படியே நின்றுபோகும்.

அவர் முரடர் இல்லை என்று எழுத நான் வரவில்லை. முரடர்தான். நான் முதன்முதலாக அவர் பட்டறைக்குள் காலை வைத்ததே ஒரு அடிதடிக்கு நடுவில். எனக்குச் சர்க்கரை வந்திருந்தது. கடலைமிட்டாய் விற்கிறவனுக்கு வராமல் வேறு யாருக்கு வரும்? சைக்கிள் ஓட்டுங்கள் என்று டாக்டர் சொன்னார். நல்ல வண்டி செய்வார் என்று கேள்விப்பட்டுப் போனால், உள்ளே அவர் சம்மட்டியைத் தலைக்கு மேலே தூக்கி, புத்தம்புது சைக்கிள் பிரேம் ஒன்றை தண்டவாளத் துண்டின் மேல் போட்டு நசுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஓட்டப்பிடாரத்துக்காரர் ஒருவர் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"என் வண்டியை என் கண்ணு முன்னாலேயே உடைக்கீரே, நீரு மனுசனா வே?"

"உம்ம வண்டி எங்க இருக்கு? இது என் வண்டி. இந்த வாசலைத் தாண்டினாத்தான் உம்ம வண்டி."

ஓட்டப்பிடாரத்துக்காரர் அவர் சட்டையைப் பிடித்தார். இவர் ஒரு தள்ளு தள்ளினார். அவர் போய் குழாய்க் குவியலில் விழுந்து நெற்றி பிளந்தது. ரத்தம் கண்ணில் இறங்கியது. சுடலைமணி அண்ணாச்சி சம்மட்டியை வைத்துவிட்டு, தன் துண்டைக் கிழித்து அவருக்குக் கட்டுப்போட்டுக்கொண்டே சொன்னார், "இங்கன உடைஞ்சா இரும்பு. ரோட்டுல உடைஞ்சா எலும்பு. ஒரு மாசம் கழிச்சு வாரும், வேற போட்டுத் தாரேன்." அவரும் ஒரு மாதம் கழித்து வந்தார். இன்றைக்கும் அந்த வண்டியில்தான் ராமேஸ்வரம் போய் வருகிறார். எனக்கும் திரும்பி ஓடிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் வாசலில் நின்ற வண்டிகளைப் பார்த்துவிட்டேன்.

அந்த வண்டிகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியாட்கள் படித்தால் தெரியட்டும் என்று சொல்கிறேன். நம் அப்பாமார்கள் ஓட்டிய பழைய கனத்த சைக்கிள்களின் பிரேமை இரும்புக்கடையில் எடுத்து, நல்ல குழாயை மட்டும் வெட்டி, ஆளுக்கு அளவெடுத்துப் புதிதாக ஒட்டுவார். நெடுந்தூரம் போகிறவர்களுக்கான வண்டி. பின்சக்கரம் கொஞ்சம் தள்ளி இருக்கும், பையைக் கட்டினால் குதிகாலில் இடிக்காது. முன்சக்கரத்தைத் தாங்குகிற போர்க்கின் இரண்டு கால்களும் நீளமாக முன்னால் வளைந்திருக்கும், குழியில் இறங்கினால் அதிர்ச்சி அந்த வளைவிலேயே செத்துவிடும், கைக்கு வராது. மூட்டுகளை வேப்பிலை மாதிரி அரத்தால் அராவி வைப்பார். தோல் சீட், டைனமோ, பித்தளை மணி. எந்தக் கிராமத்தில் எது முறிந்தாலும் அங்கே இருக்கிற வெல்டிங் கடையில் ஒட்டிக்கொள்ளலாம். மோட்டார் பைக் இருக்க இது எதற்கு என்று நான் கேட்டதற்கு அவர் சொன்னார், "இதுல போனா ஆடு மேய்க்கவன் நம்மளைப் பாத்து என்ன கெட்ட வார்த்தை சொல்லுதான்னுகூடத் தெளிவாக் கேக்கும் வே."

ஒட்டி முடித்த பிரேமுக்குப் பெயிண்ட் அடிக்கும் முன்னால் அவருக்கு ஒரு வேலை உண்டு. மரச்சுத்தியலால் ஒவ்வொரு மூட்டாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். மணி மாதிரி கேட்டால் சரி. ஓட்டைப் பானை மாதிரி கேட்டால் உள்ளே கீறல். அப்புறம் சம்மட்டிதான். சப்பட்டையாக நசுக்கும்வரை விட மாட்டார். குப்பையில் போட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறேன். "எவனாவது எடுத்து பெயிண்ட் அடிச்சு ஓட்டுவாம் வே. பெயிண்ட் மாதிரி பொய் சொல்லுத சாமான் உலகத்துல கிடையாது" என்றார்.

நம் குழுவில் அவருக்கு இடம் கடைசி. எல்லோருக்கும் பின்னால், மூங்கில் குச்சியில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு வருவார். நீண்ட பயணமென்றால் அவருக்கும் பின்னால் என் குட்டியானை, வாழைப்பழமும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு. சைக்கிள் குழுவில் வேன் ஓட்டியே உறுப்பினரானவன் நான் ஒருத்தன்தான். சாத்தூர் ரோட்டில் ஒரு லாரி நம் ஆட்களை உரசி மூன்று பேரை முள்ளுக்குள் தள்ளிவிட்டுப் போன அன்று அவர் அதை விரட்டிக்கொண்டு போனது உங்களுக்கு நினைவிருக்கும். அடுத்த சாயாக்கடையில் லாரி நின்றது. டிரைவரைக் கதவோடு பிடுங்கிக் கீழே போட்டார். டிரைவர் கையில் இரும்புக் கம்பி. அது இவர் தோளில் இறங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. எனக்கு எப்படிக் கேட்டதென்றால், நான் வேன் கண்ணாடியை முழுக்க ஏற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால் அது இறங்கியது. ஏற்றிவிட்டு உள்ளேயிருந்து, "விடுங்க அண்ணாச்சி, விடுங்க அண்ணாச்சி" என்று சமாதானம் பேசினேன். அவர் அந்தக் கம்பியையே பிடுங்கி லாரியின் இரண்டு பக்கக் கண்ணாடியையும் நொறுக்கினார். "ரெண்டு கண்ணாடி இருந்தும் பின்னால பாக்கல. இனி கழுத்தைத் திருப்பிப் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, தோளைப் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்ன வே மிட்டாய், உள்ள காத்து வருதா?"

இப்போது என் கதைக்கு வருகிறேன். என் மகள் கௌசல்யா அப்போது கல்லூரியில் முதல் வருடம். கன்னியாகுமரிப் பயணத்துக்கு நானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அண்ணாச்சியிடம் வண்டி கேட்டேன். "ஆறு மாசம் ஆகும்" என்றார். பயணத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது. மகளிடம் "அப்பா பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டேன். எனக்கு இல்லாத செல்வாக்கை மகளிடம் காட்டுவது என் பழக்கம்.

ஒருநாள் மத்தியானம் பட்டறையில் இருந்தேன். மதுரையிலிருந்து கேட்ட ஒரு பெண்மணிக்காகச் செய்த பிரேமைத் தட்டிக்கொண்டிருந்தார். குள்ளமான, அழகான பிரேம். போர்க்கின் தலைப்பக்கம் தட்டியதும் முகம் மாறியது. எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை. சம்மட்டியை எடுத்தார். முதல் அடி சறுக்கியது. இடதுகையால் பிரேமைப் பிடித்திருந்தார், சம்மட்டி அந்தக் கைமேல் இறங்கிவிட்டது. இரண்டு விரல் சதைந்து, நகம் கழன்று தண்டவாளத் துண்டில் ஒட்டிக்கொண்டது. அவர் கத்தவில்லை, நான்தான் கத்தினேன். துண்டைச் சுற்றி வேனில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். வழியெல்லாம் ரத்தம் வழிய அவர் சொன்னது ஒன்றுதான். "அந்தப் பிரேமை எவனும் தொடக்கூடாது. நான் வந்து அடிச்சுக்கிடுதேன்."

அவரைச் சேர்த்துவிட்டு, பட்டறையைப் பூட்டுவதற்கு நான்தான் திரும்பி வந்தேன். பிரேம் கிடந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். கீறல் எங்கே என்று தேடினேன். போர்க்கின் வலது காலில், தலைக்குக் கீழே, தலைமுடி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு கோடு. இவ்வளவுதானா என்று தோன்றியது. அடுத்தவன் தொழிலில் அவனைவிட எனக்கு அதிகம் தெரியும் என்ற எண்ணம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. இந்த மனுசன் எதற்கெடுத்தாலும் கூடுதலாகக் குதிப்பவர்தானே என்று நினைத்தேன். வேனில் ஏற்றினேன். தெரிந்த ஒருவரிடம் கொடுத்து நல்ல கனமாக நீலப் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். வேறொரு கடையில் சக்கரம் மாட்டினேன். மதுரையில் வாங்கியது என்று வீட்டில் சொன்னேன்.

கட்டுப்போட்ட கையோடு அவர் வந்து கேட்டார். "அந்தப் பிரேமை என்ன வே செஞ்சீரு?"

"நானே அடிச்சு நசுக்கி இரும்புக்கடையில போட்டுட்டேன் அண்ணாச்சி. நீங்க எதுக்கு இந்தக் கையோட சிரமப்படணும்?"

"நீரா நசுக்கினீரு? சம்மட்டியைத் தூக்கத் தெரியுமா வே உமக்கு?" என்று சந்தோசமாகச் சிரித்தார். எனக்கு ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

பயணத்தன்று விடியும் முன்னே கிளம்பினோம். இருட்டில் எல்லா வண்டியும் ஒரே நிறம். கௌசி கொஞ்சம் மெதுவாகப் போவாள், அதனால் அவள் கடைசி, அவளுக்குப் பின்னால் அவர், பின்னால் நான். கயத்தாறு தாண்டி பெரிய ரோட்டை விட்டு உள்ரோட்டில் போகும்போது நன்றாக வெளுத்துவிட்டது. ஒரு ஓடைப் பாலம். அதைத் தாண்டி இறக்கம். இறக்கத்தின் அடியில் ஊர் முகப்பில் வரிசையாக மூன்று வேகத்தடை. நம் ஆட்கள் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். கௌசி பாலத்திலிருந்து இறங்கத் தொடங்கினாள். வேகம் பிடித்தது.

அண்ணாச்சி அவள் பக்கத்தில் போனார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தலை அவள் முன்சக்கரத்தைப் பார்த்துக் குனிந்தது. அடுத்த நொடி எழுந்து நின்று மிதித்தார். சைக்கிளோடு சைக்கிளாக அவள் மேல் பாய்ந்து, தோளால் இடித்து, இடதுபக்கம் உளுந்து பிடுங்கிப் போட்டிருந்த கரிசல் காட்டுக்குள் அவளைத் தூக்கி வீசினார். இரண்டு வண்டியும் மோதிய சத்தம் கேட்டது. என் பிள்ளை ஒரு குட்டிக்கரணம் போட்டு முகம் குப்புற விழுந்தாள். அவர் அவளைத் தாண்டிப் போய் விழுந்தார்.

நான் வேனிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கையில் ஜாக்கி லிவர் இருந்தது. கௌசியின் தாடை கிழிந்து வாயெல்லாம் ரத்தமும் கரிசல் மண்ணும். ஒரு தோள் கீழே தொங்கியது. "வேணும்னே இடிச்சாவப்பா, வேணும்னே இடிச்சாவ" என்று அலறினாள். அவர் எழுந்திருக்க முயன்றுகொண்டிருந்தார். லிவரால் முதுகில் அடித்தேன். விழுந்தார். மறுபடி அடித்தேன். லிவரைப் போட்டுவிட்டு நெஞ்சில் ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்தினேன். முன்பல் உடைந்து என் விரல்முட்டிக்குள் ஏறியது. லாரிச் சண்டைக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்ட வீரன், அடிக்காத மனுசனை அன்று அடித்தேன். ஆமாம், அவர் கையைத் தூக்கவே இல்லை. ஊரையெல்லாம் அடிக்கிறவர் என் அடியை வாங்கிக்கொண்டு கிடந்தார். வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, எனக்கு எப்போதும் கொடுக்கிற மரியாதையை விட்டு, ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"போர்க்கைப் பாருலே."

பார்த்தேன். போர்க்கின் வலது கால் தலைக்குக் கீழே இரண்டாக முறிந்து கிடந்தது. விழுந்ததில் முறிந்திருக்கும் என்று நினைக்கலாம். ஆனால் முறிந்த பரப்பில் பாதி மட்டும் புது இரும்பின் பளபளப்பு. மீதிப் பாதி நீலம். நான் அடிக்கச் சொன்ன பெயிண்ட் கீறலுக்குள் இறங்கிக் காய்ந்திருந்தது. முறிவில் பாதி, பெயிண்ட் அடிக்கும் முன்பே இருந்திருக்கிறது. பக்கத்தில் போனபோது வேப்பிலை மாதிரி அராவிய அந்த மூட்டு தன் கைவேலை என்று அவர் அடையாளம் கண்டிருக்கிறார், கீறல் வாய் திறந்து போர்க்கின் கால் ஆடுவதையும் கண்டிருக்கிறார். நிறுத்து என்று கத்தினால் அவள் பிரேக்கைப் பிடிப்பாள், பிடித்த கணமே முறியும். விட்டால் வேகத்தடையில் முறியும். இரண்டிலும் அவள் முகம் தார் ரோட்டில். இடதுபக்கம் மெத்தென்ற கரிசல் இருந்தது. அதில் தள்ளினார்.

இதெல்லாம் எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. பிறகு புரிந்தது என்று சொன்னால் கொஞ்சம் மன்னிப்பு கிடைக்கும், ஆனால் அது பொய். முன்னால் போனவர்கள் திரும்பி வருவது தெரிந்தது. வேனிலிருந்து தார்ப்பாயை எடுத்து அந்த நீல சைக்கிள் மேல் போட்டு மூடினேன். ஜெயபால் அண்ணாச்சி மூச்சிரைக்க வந்து, "என்னாச்சு?" என்று கேட்டார். நான் சொன்னேன், "இடிச்சுத் தள்ளிட்டாவ."

அடுத்த ஞாயிறு டீக்கடையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். கௌசிக்குத் தோள் எலும்பில் கம்பி வைத்திருந்தார்கள், தாடையில் ஏழு தையல். நீங்கள் அவரைக் கேட்டீர்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன். "ஆமா, நாந்தான் இடிச்சேன்" என்றார். "ஏன்?" என்றீர்கள். மறுபடியும் என்னைப் பார்த்தார். அப்புறம் ஒருவர் அவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். கண்ணாடி கிளாஸ் உடைந்தது. இன்னொருவர், "பொம்பளப்பிள்ளை மேல போயி மோதுதான்னா என்ன புத்தியோ" என்றார். அந்தச் சொல் எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியும். அது போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரோ என்னைத் தேற்றினார்கள். நான் ஒரு ஜோக்குகூட அடித்தேன். எல்லோரும் சிரித்தீர்கள்.

ஒரு வாரம் கழித்து அவர் பட்டறைக்குப் போனேன். உடைந்த பல்லோடு உட்கார்ந்திருந்தார். "நீங்களே சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி" என்றேன், வெட்கமில்லாமல்.

"நான் சொல்ல மாட்டேன் வே. நான் சொன்னா அது கோள். உம்ம மவ நாளைக்கு உம்ம முகத்தைப் பாக்கணும்லா. நீரு சொல்லும். நீரு சொன்னா அவ பொறுத்துக்கிடுவா."

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் சரக்குப் போடப் போகும்போதெல்லாம் வாசலில் நின்று கேட்பார், "சொல்லிட்டீரா?" அடுத்த வாரம் அண்ணாச்சி என்பேன். பொங்கல் கழியட்டும் என்பேன். மகளுக்குப் பரீட்சை என்பேன். இரண்டு வருடம் கேட்டார். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார். நான் அதை நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகப் போனார். எல்லோருக்கும் கடைசி ஆளாக வந்தவருக்குப் பின்னால் வர ஆள் இல்லை, வேன் இல்லை. கார் அடித்த அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான்.

அவரை எடுத்த மறுநாள் கௌசியை உட்காரவைத்துச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். சோறு என் தலையில் விழுந்தது. அவள் அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "போன மாசம் மார்க்கெட் வாசல்ல என்னைப் பாத்து சுடலைமணி மாமா சிரிச்சாவப்பா. நான் அவிய காலடியில காறித் துப்பிட்டு வந்தேன். அதை இப்ப எங்க கொண்டு போயி வைக்க? சொல்லுங்க, எங்க கொண்டு போயி வைக்க?" நான் குனிந்து சோற்றைப் பொறுக்கினேன். கடைசியில் அவளே சொன்னாள், "எழுதுங்க. குழுவுக்குப் பேரு போட்டு எழுதுங்க. நீங்க எழுதல, நான் எழுதுவேன்."

பதினாறாம் நாள் கழிந்து அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி இசக்கியம்மாள் மதினி வீட்டை ஒட்டிய பட்டறையில் இருந்தார். காலில் விழுந்து சொல்ல ஆரம்பித்தேன்.

"எந்திரிங்க தம்பி. எனக்கு அன்னிக்கே தெரியும். 'மிட்டாய்க்காரன் நல்லவன், பயந்தாங்கொள்ளி, ஒருநாள் சொல்லுவான்'னாவ. தெருவுல ஒவ்வொருத்தி என்னைப் பாக்குத பார்வைக்கும் அதையேதான் நானும் சொல்லிக்கிட்டேன்." எழுந்து போய் மூலையிலிருந்து எதையோ இழுத்து வந்து என் முன்னால் போட்டார். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்த அண்ணாச்சியின் சைக்கிள். "அவிய இருந்தா இதை இப்பிடி முழுசா விட்டு வைக்க மாட்டாவ. எவனாவது நிமித்தி பெயிண்ட் அடிச்சு ஓட்டுவான். ஒண்ணை நசுக்கிட்டேன்னு அவியகிட்ட சொன்னீங்கள்லா? இதை நசுக்குங்க."

சம்மட்டியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். அது அவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியாது. முதல் அடி தண்டவாளத்தில் பட்டுத் தெறித்து என் கணுக்காலைப் பெயர்த்தது. மதினி அசையவில்லை. அடித்தேன். மேல்குழாய் நசுங்கியது. ஹேண்டில்பார் எகிறி நெற்றியில் அடித்தது. கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்து விசிறின. போர்க்கின் வளைந்த கால்களை அடிக்கும்போது வாய்விட்டுக் கத்தினேன், யாரைத் திட்டினேன் என்று ஞாபகமில்லை. உள்ளங்கை கிழிந்து கைப்பிடி வழுக்கியது. துடைத்துக்கொண்டு அடித்தேன். குழாய் எல்லாம் சப்பட்டையான பிறகு மதினி குனிந்து பார்த்தார்.

"மூட்டு விட்டுதா?"

கார் அடித்து, நான் அடித்து, வேப்பிலை வேப்பிலையாக ஒட்டியிருந்த அந்த மூட்டுகளில் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

"விடல மதினி."

"சரி, போங்க" என்றார். ஒரு வாய் டீகூட எனக்குக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால்தான் நான் செத்திருப்பேன்.

குழுவில் உள்ளவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். கன்னியாகுமரி போய்வந்தவர்கள் பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்தீர்கள். அதை மறுபடி எழுதுங்கள். மதினி வீட்டுக்குப் போய், என் பிள்ளை உயிரோடிருப்பது அவர் இடித்ததால் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அன்று "என்ன புத்தியோ" என்று சொன்னவர் முதலில் போகட்டும். என்னை என்ன செய்வது என்பதை அதற்குப் பிறகு சாவகாசமாக முடிவு செய்யலாம். நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன், இந்த உடம்பு ஓடாது.

அவர் பட்டறையிலிருந்து நான் ஒன்றையும் எடுத்து வரவில்லை. ஏற்கெனவே ஒன்று எடுத்தவன். அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது அவர் பார்த்த கடைசி ஆள் வேலை மட்டும்தான். இப்போதெல்லாம் சரக்கு ஏற்றிப் போகும்போது ரோட்டில் யாராவது தனியாக சைக்கிளில் போவதைக் கண்டால், வேனை மெதுவாக்கி, நாலு பக்கமும் விளக்கை மினுக்கவிட்டு, அவர் திரும்பும் இடம் வரைக்கும் பின்னாலேயே போகிறேன். பின்னால் வருகிற பஸ்ஸும் லாரியும் ஹார்னை அடித்துக் காதைக் கிழிக்கும், என் அம்மாவை இழுத்துத் திட்டுவார்கள். நேற்று இடைசெவல் பக்கம் கேரியரில் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு போன ஒருவர், மூன்று தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, காலை ஊன்றி நின்று ஒரு கல்லை எடுத்தார்.

"ஏலே, ரோடுதான் அம்புட்டு அகலம் கிடக்கே, முந்திப் போயேம்லே! என்னத்துக்கு என் பின்னாலயே வாரே?"

கல் வந்து முன்கண்ணாடியில் விழுந்தது. ஒரு ஓரமாக விரிசல் விட்டது. அவர் மறுபடி ஏறி மிதித்தார்.

நான் முந்தவில்லை.